ஆப்பு, மரை, ஊசி: பழைய ரிவால்வர்களில் குழல் பொருத்திய விதமும் அவற்றின் தரமும்

ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் பழைய ரிவால்வர் ஒன்றை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், குழல் சட்டகத்துக்குள் நுழையும் இடத்தில், மேல் விளிம்பை ஒட்டி ஒரு சிறு வட்டப் புள்ளி தெரியும். சட்டகத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே செலுத்தப்பட்ட எஃகு ஊசியின் முனைதான் அது. சட்டகத்தோடு சேர்த்தே மெருகேற்றி நீலப்பூச்சு கொடுத்திருப்பார்கள் என்பதால் பழக்கமில்லாத கண்ணுக்கு அது எளிதில் அகப்படாது. ஆனால் பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான். 1982ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் ஊசியைக் கைவிட்டது. அதற்கு முன் செய்தவை நல்லவை, பின் செய்தவை மட்டமானவை என்றொரு கணக்கு அன்றிலிருந்து சந்தையில் நிலைத்துவிட்டது. ஒரே மாதிரியில் ஊசி உள்ளதற்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. இந்தக் கணக்கில் உண்மை இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ரிவால்வரில் குழலைச் சட்டகத்தோடு சேர்க்கும் இணைப்பு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரைஃபிளிலும் சாதாரணக் கைத்துப்பாக்கியிலும் தோட்டா அமரும் அறை குழலின் பின்பகுதியாகவே இருக்கும். குண்டு கிளம்புவதும் வெளியேறுவதும் ஒரே இரும்புத் துண்டுக்குள். ரிவால்வரில் அப்படியில்லை. தோட்டாக்கள் சிலிண்டர் எனும் சுழலும் உருளையில் இருக்கின்றன, குழல் தனியாக முன்னால் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. சுடும்போது குண்டு சிலிண்டரின் அறையை விட்டுப் பாய்ந்து, அந்த இடைவெளியைத் தாண்டி, குழலின் பின்வாயில் கூம்பாகக் குடைந்திருக்கும் பகுதிக்குள் நுழைய வேண்டும். இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஏறத்தாழ ஓர் எழுதுதாளின் தடிமனிலிருந்து இரண்டு தாள்களின் தடிமன் வரை. அதைவிடக் குறைந்தால் கரியும் சூடும் சேர்ந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடிக்கும். கூடினால் வாயு பக்கவாட்டில் சீறி வெளியேறும், குண்டின் வேகம் குறையும், ஈயத் துணுக்குகள் தெறிக்கும்.

ஆகவே குழல் இணைப்பு ஒரே நேரத்தில் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். குழலின் துளை சிலிண்டர் அறையின் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அந்தத் தாளளவு இடைவெளி ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்க வேண்டும். குழலின் நுனியில் இருக்கும் முன்குறி செங்குத்தாக மேல்நோக்கி நிற்க வேண்டும். இவற்றில் எது பிசகினாலும் அது சுடுபவரின் கையில் உடனே தெரியும். இந்த மூன்றையும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எப்படியெல்லாம் சாதிக்கப் பார்த்தார்கள் என்பதே பழைய ரிவால்வர்களின் தரம் பற்றிய கதையில் பாதி.

சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து 1860ஆம் ஆண்டின் ராணுவ மாதிரி வரை, அவருடைய ரிவால்வர்களில் குழலைப் பிடித்து நிறுத்தியது ஓர் ஆப்பு. சட்டகத்திலிருந்து தடித்த அச்சு ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கும். சிலிண்டர் அந்த அச்சில் கோத்துச் சுழலும். அதே அச்சின் முன்பகுதி குழல் தொகுதியின் அடியில் உள்ள துளைக்குள் போகும். குழலிலும் அச்சிலும் குறுக்கே வெட்டிய பிளவு ஒன்றுக்கு ஒன்று நேராக வந்ததும், பக்கவாட்டிலிருந்து எஃகு ஆப்பை அடித்து இறுக்கினால் குழல் பின்னோக்கி இழுபட்டு அமர்ந்துவிடும். கீழே சட்டகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு முளைகள் குழல் தொகுதியின் அடிப்பகுதித் துளைகளில் பொருந்தி, அது சுழன்றுவிடாமல் காக்கும். சிலிண்டருக்கு மேலே எந்தப் பாலமும் கிடையாது, திறந்த வெளி.

இதை மட்டமான வேலை என்று ஒதுக்குவது தவறு. ஆப்பைத் தட்டி எடுத்தால் துப்பாக்கி மூன்று துண்டுகளாகப் பிரியும். கரிமருந்துப் புகை ஒவ்வொரு பகுதியையும் அடைத்துவிடும் காலத்தில், கழுவித் துடைக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. அசலாக ஹார்ட்ஃபோர்டில் செய்த துப்பாக்கிகளில் அச்சின் முனை குழல் தொகுதித் துளையின் அடிவரை சென்று முட்டி நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். அப்படி முட்டும்போது, ஆப்பு எவ்வளவு ஆழம் போனாலும் குழல் ஒரே இடத்தில்தான் நிற்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை அச்சின் நீளமே முடிவு செய்துவிடும், ஆப்பு அதை இறுக்கிப் பிடிப்பதோடு சரி. பிற்காலத்தில் இத்தாலியில் செய்த நகல்கள் சிலவற்றில் இந்த அச்சு குட்டையாக விடப்பட்டது. அவற்றில் ஆப்பைச் சற்று ஓங்கி அடித்தால் குழல் பின்னால் வந்து சிலிண்டரை நசுக்குகிறது, மெதுவாக அடித்தால் இடைவெளி அகன்றுவிடுகிறது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் துப்பாக்கி வேறொரு துப்பாக்கியாகிறது. ஆப்பு, முளை, அச்சு என்று வெளித்தோற்றத்தில் எல்லாம் அசலைப் போலவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையின் அடியில் சில மில்லிமீட்டர் வெற்றிடம் மட்டுமே வேறுபாடு. இணைப்பின் வகையைப் பார்த்துத் தரத்தை மதிப்பிடுவதில் உள்ள இடர்ப்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

கோல்ட் வடிவத்தில் இயல்பிலேயே ஒரு குறையும் இருந்தது. பின்குறி சுத்தியலின் மூக்கில் வெட்டிய சிறு பிளவு. சுத்தியலை இழுத்து நிறுத்தினால்தான் அது கண்ணுக்கு நேராக வரும். முன்குறி குழல் நுனியில். அதாவது குறிபார்க்கும் கோடு, அசையக்கூடிய ஒரு சுத்தியலையும் ஆப்பால் நிற்கும் ஒரு குழலையும் நம்பியே செல்கிறது. ஆப்பு தேய்ந்து குழல் இம்மியளவு ஆடத் தொடங்கியதும் அந்தக் கோடே நிலைகுலைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான விடையை இலண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் தந்தார். 1851ஆம் ஆண்டு பெருங்கண்காட்சியில் கோல்ட்டின் ரிவால்வர்களோடு போட்டியிட்ட அவருடைய ரிவால்வரில் குழலும் சட்டகமும் ஒரே இரும்பிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டவை. இணைப்பு என்று ஒன்றே இல்லாததால் தளர்வதற்கும் எதுவும் இல்லை. உறுதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதை மிஞ்ச முடியாது. ஆனால் பட்டறையில் இதன் விலை பெரிது. குழலின் துளை குடையும்போதோ, குண்டைச் சுழலவைக்கும் உட்சுருள் வரிகளை அதற்குள் வெட்டும்போதோ கை தவறினால் குழலை மட்டும் எறிந்துவிட்டு வேறொன்றைத் திருக முடியாது. சட்டகத்தோடு எல்லாமும் போயிற்று. பயன்பாட்டில் குழல் தேய்ந்தாலும் அதே கதி. ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனி இயந்திரத்தில் செய்து கடைசியில் சேர்ப்பது என்ற தொழிற்சாலை முறை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஒற்றைத் துண்டு வடிவம் நிலைக்காமல் போனது இயல்பே.

இரண்டுக்கும் நடுவழியை அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் எடுத்தது. உள்நாட்டுப் போரில் பரவலாகப் பயன்பட்ட அதன் ராணுவ ரிவால்வரில் சிலிண்டருக்கு மேலே ஒரு பாலம் ஓடிச் சட்டகத்தை முழு வளையமாக்கியது. குழல் அந்த வளையத்தின் முன்சுவரில் மரையிட்டுத் திருகப்பட்டது. பின்குறியைப் பாலத்திலேயே ஒரு பள்ளமாக வெட்ட முடிந்தது. 1872 வாக்கில் கோல்ட் தன் திறந்த வடிவத்தையே உலோகத் தோட்டாவுக்கு மாற்றி அமெரிக்க ராணுவத்திடம் காட்டியபோது, ராணுவம் மேற்பாலம் உள்ள சட்டகத்தைக் கேட்டது. அதன் விளைவாக 1873இல் வந்ததே, திரைப்படங்கள் வழியாக உலகம் முழுவதும் அறிமுகமான கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. அதன் குழல் மரையிட்டுத் திருகப்பட்டது. அன்றிலிருந்து ரிவால்வர் செய்பவர்களில் பெரும்பான்மையோர் மரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கீல் வைத்து மடங்கும் ரிவால்வர்கள் தனிக் குடும்பம். பர்மிங்ஹாமின் வெப்லி இதில் பெயர் பெற்றது. அதன் குழலும் மேற்பாலமும் ஒரே துண்டு. அந்தத் துண்டு கீழே ஒரு கீலிலும் மேலே சுத்தியலுக்கு முன்னுள்ள ஒரு கொண்டியிலும் மாட்டி நிற்கிறது. கொண்டியை அழுத்தினால் குழல் முன்னோக்கி மடங்கும், காலித் தோட்டாக்கள் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படும். இங்கே குழல் சுழன்றுவிடுமோ என்ற கவலை இல்லை. தேய்வது கீலும் கொண்டியும்தான். ஒவ்வொரு வெடிப்பிலும் பின்சுவரைத் தோட்டா பின்னுக்குத் தள்ள, கொண்டி மேற்பாலத்தை இழுத்துப் பிடிக்க, அந்த இழுபறியில் மயிரிழை மயிரிழையாக இடைவெளி அகலும். வெப்லியின் .455 தோட்டா குறைந்த அழுத்தம் கொண்டது என்பதால் 1915இன் ஆறாம் மாதிரி முதல் உலகப் போரின் சேற்றையும் தாங்கியது. பிற்காலத்தில் அதே துப்பாக்கியின் சிலிண்டரைச் சீவி, அழுத்தம் மிகுந்த .45 ஏசிபி தோட்டாவுக்கு மாற்றி அமெரிக்காவில் விற்றார்கள். அவற்றில் பல ஆட்டம் கண்டதற்கு வெப்லி செய்தவர்கள் பொறுப்பல்லர். இந்தியாவில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்துவரும் .32 ரிவால்வரும் வெப்லியின் நான்காம் மாதிரி வழி வந்ததே. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் நம் நாட்டார் பலர் பார்த்திருக்கக்கூடிய மடக்கு ரிவால்வர் அதுதான்.

மெர்வின் ஹல்பர்ட் என்ற பெயரில் 1870களின் நடுவிலிருந்து வெளிவந்த அமெரிக்க ரிவால்வரையும் இங்கே குறிப்பிடாமல் விட மனமில்லை. அதில் குழலைப் பக்கவாட்டில் முறுக்கி முன்னோக்கி இழுத்தால் சிலிண்டரும் கூடவே வரும், காலித் தோட்டாக்கள் உதிரும். குழலை இழுத்த கையை விட்டால், பொருத்தம் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால், உள்ளே உண்டாகும் காற்றிழுப்பு அதைத் தானாகவே சற்றுப் பின்னுக்கு வாங்கிக்கொள்ளும் என்று சேகரிப்பாளர்கள் இன்றும் வியந்து சொல்வார்கள். இவ்வளவு சிக்கலான அசையும் இணைப்பு தளர்ந்து போகாமல் நின்றதற்குக் காரணம் கடைந்தவர்களின் கைத்திறம். அந்த அளவு கைத்திறத்தை மலிவு விலையில் தொடர்ந்து தர முடியவில்லை. அந்த வடிவம் வாரிசின்றி முடிந்தது.

இனி மரைக்கு வருவோம். லேத்தில் மரை வெட்டிப் பழகியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே பிடிபடும். சாதாரணத் திருகாணி எந்தக் கோணத்தில் இறுகி நின்றாலும் கவலையில்லை. ரிவால்வர் குழல் அப்படியில்லை. அதன் முதுகில் முன்குறி நிற்கிறது, அடியில் பல மாதிரிகளில் காலித் தோட்டா தள்ளும் தண்டுக்கான உறை இருக்கிறது. குழல் முழு இறுக்கம் பெறும் அதே கணத்தில் முன்குறி சரியாகப் பன்னிரண்டு மணித் திசையில் வந்து நிற்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸனின் நடுத்தரச் சட்டகத்தில், அதாவது கே சட்டகத்தில், குழல் மரை அங்குலத்துக்கு 36 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் உள்ளே போகும். குழலின் தோள் சட்டகத்தின் முகத்தில் முட்டும் இடத்தில் வெறும் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டால், குழல் 25 பாகைக்கு மேல் அதிகமாகச் சுழன்றுவிடும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கும் பிசகு முன்குறியைப் பன்னிரண்டு மணியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணிக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இவ்வளவு பெரிய சாய்வோடு எந்தத் துப்பாக்கியும் தொழிற்சாலையை விட்டு வெளியே வராது. ஆனால் ஒரு பாகை சாய்வு கண்ணுக்குத் தப்பிவிடும். முன்குறியின் உச்சி குழலின் மையக்கோட்டுக்கு 18 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது, முன்குறிக்கும் பின்குறிக்கும் 150 மில்லிமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகை சாய்வு முன்குறியை 0.3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தும். 25 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 5 சென்டிமீட்டர் விலகி விழும். பின்குறியைத் திருகித் திருத்தக்கூடிய மாதிரிகளில் இது பெரிதல்ல. ஆனால் காவல்துறைகள் லட்சக்கணக்கில் வாங்கிய நிலைக்குறி ரிவால்வர்களில், பின்குறி சட்டகத்தின் பாலத்தில் வெட்டிய பள்ளம் மட்டுமே. அங்கே இடவலத் திருத்தம் வேண்டுமென்றால் குழலையே ஓர் இம்மி திருப்ப வேண்டும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் இன்றும் செய்வது அதைத்தான். சரியான பிடிப்புக் கட்டைகள் இல்லாமல், சிலிண்டர் எடுத்த வெற்றிடத்தில் சுத்தியல் காம்பைக் கொடுத்து நெம்பித் திருப்பிய பழைய பட்டறைக்காரர்கள் பலருடைய கைவண்ணத்தால் வளைந்துபோன சட்டகங்களும் சந்தையில் உண்டு. வெளிப்பார்வைக்கு அவை நேராகத்தான் தெரியும். சிலிண்டரைச் சுழற்றினால் ஓர் அறையில் உரசும், மற்றொன்றில் இடைவெளி விடும்.

இந்த இடத்தில்தான் ஊசி வருகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் பட்டறையில் குழலைத் திருகி, முன்குறியை நிமிர்த்தி நிறுத்திய பிறகு, சட்டகத்தின் மேல்பகுதியில் குறுக்கே துளையிடுவார்கள். அந்தத் துளை குழல் மரையின் முதுகைச் சற்றே உரசிக்கொண்டு போகும். அதில் ஊசியைச் செலுத்திவிட்டால் குழல் எந்தப் பக்கமும் சுழல முடியாது. குழலை முன்னோக்கி இழுக்கும் விசை முழுவதையும் மரைதான் தாங்குகிறது, ஊசிக்கு அதில் பங்கில்லை. அந்த நிறுவனத்தின் உட்சுருள் வரிகள் வலப்பக்கச் சுழற்சி கொண்டவை. குண்டு வலஞ்சுழியாகத் திரும்பும்போது அதன் எதிர்விசை குழலை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கும். குழலின் மரை அமைந்த விதத்தில் அது இறுகும் திசையே. ஒவ்வொரு வெடிப்பும் குழலைக் கழற்றப் பார்க்கிறது, ஊசி அதைத் தடுக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. கீழே விழுவது, முனையில் அடிபடுவது, ஆயிரக்கணக்கான வெடிப்புகளின் அதிர்வு, சூடேறி ஆறுவது ஆகியவற்றால் மெல்ல நெகிழ்ந்துவிடாமல் ஊசி காவல் நிற்கிறது.

ஆனால் ஊசி செய்த பெரிய உதவி, என் கணிப்பில், துப்பாக்கிக்கு வெளியே, பொருத்துபவரின் மேசையில் நடந்தது. குழல் திரும்பாது என்ற உறுதியை ஊசி தந்துவிட்டதால், மரையை மூர்க்கமாக இறுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. முன்குறி நேராக வரும் இடத்தில், அளவான இறுக்கத்தோடு, அவர் நிறுத்தலாம். பிறகு குழலின் பின்முனையைச் சீவி இடைவெளியைச் சரிசெய்து, வாய்க்கூம்பைக் குடைந்து முடிப்பார். 1935இல் .357 மேக்னம் தோட்டாவோடு வெளிவந்த முதல் ரிவால்வர்களை வாங்குபவர் கேட்ட குழல் நீளத்தில், ஒவ்வொன்றாகப் பதிவெண் கொடுத்து, இப்படித்தான் செய்தார்கள். அந்தத் துப்பாக்கிகளின் புகழுக்கு ஊசியைக் காட்டுவது, நன்கு தைத்த சட்டைக்குப் பொத்தானைக் காரணம் காட்டுவது போன்றது.

1982இல் ஊசி நின்றதும் குழலைப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் இறுக்கத்தின் மேல் விழுந்தது. தோளும் சட்டக முகமும் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும் அளவுக்குக் குழலைத் திருக வேண்டும். அந்த நசுக்கலின் உராய்வே பூட்டு. கையால் இறுக்கியபோது சில பாகை முன்பாகவே நிற்கும்படி தோளை வைத்து, மீதியை நெம்புகோலால் திருகி முன்குறியை நிமிர்த்துவார்கள். இது ஒன்றும் புதுமையல்ல. கோல்ட் நிறுவனம் தன் பைத்தான் ரிவால்வரில் 1955 முதல் ஊசி இல்லாமலே குழலைப் பொருத்தியது, அந்த பைத்தான் அமெரிக்கத் தொழிற்சாலை ரிவால்வர்களில் மிக நேர்த்தியான ஒன்று என்று இன்றுவரை பெயர் வாங்கியிருக்கிறது. பொருத்துபவர் நேரம் எடுத்துக்கொண்டு தோளைச் சரியாகச் சீவினால் இந்த முறை ஊசிக்குச் சற்றும் குறைந்ததல்ல. நேரம் எடுத்துக்கொள்ளாதபோது என்ன ஆகும் என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அளவுக்கு மீறி இறுக்கினால் குழலின் துளை அந்த இடத்தில் சுருங்குகிறது. மரை வெட்டிய பகுதியில் குழலின் சுவர் மெலிந்திருக்கும். சட்டக வளையத்தின் அழுத்தம் அதை உள்நோக்கி நெருக்கும். சுருக்கம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கே இருக்கலாம். ஆனால் மென்மையான ஈயக் குண்டுக்கு அது போதும். குழலுக்குள் நுழைந்த கணத்திலேயே அந்தக் கழுத்தில் குண்டு நெரிபட்டு இளைத்துவிடுகிறது. அதைத் தாண்டியதும் துளை பழைய அகலத்துக்கு விரிகிறது. இளைத்த குண்டு அதில் தளர்வாகப் போகிறது. அதன் பக்கவாட்டில் சூடான வாயு முந்திக்கொண்டு ஓடி ஈயத்தை உருக்கிச் சுவரில் பூசுகிறது. சில டசன் தோட்டாக்களுக்குள் குறி சிதறத் தொடங்கும். கழுவிக் கழுவிச் சுட்டாலும் ஈயம் ஒரே இடத்தில் படிவதைப் பார்த்துப் பலர் தோட்டாவைக் குறை சொல்வார்கள். கண்டுபிடிப்பதற்கு எளிய வழி உண்டு: துளையைவிடச் சற்றே பெரிய மென்மையான ஈய உருண்டை ஒன்றைக் குழல் நுனியில் தட்டி இறக்கி, தண்டால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். குழல் நெடுகிலும் ஒரே தடையோடு வழுக்கி வருவது, சட்டகத்தை நெருங்கியதும் திடீரென்று நின்று கையை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு உள்ளங்கைக்குத் தெரியும். கண்ணால் குழலுக்குள் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. இந்தச் சுருக்கம் ஒரே நிறுவனத்துக்கோ ஒரே காலத்துக்கோ உரியதும் அல்ல. மரையிட்டு இறுக்கிய எந்த ரிவால்வரிலும் வரலாம்.

சட்டகம் எஃகாக இல்லாமல் அலுமினியக் கலவையாக இருந்தால் ஆபத்து சட்டகத்தின் பக்கம் திரும்புகிறது. எடை குறைந்த சிறு ரிவால்வர்கள் சிலவற்றில், குழலுக்கு நேர் கீழே, சட்டகத்தின் மெலிந்த பகுதியில் மயிரிழை விரிசல் காணப்படுவது சேகரிப்பாளர்கள் நன்கறிந்த குறை. அலுமினிய வளையத்துக்குள் எஃகுக் குழலை இறுக்கியதால் எப்போதும் இழுவிசையில் இருக்கும் அந்த உலோகம், வெடிப்பின் அதிர்ச்சியும் சேரும்போது மெலிந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. வாங்குவதற்கு முன் சிலிண்டரைத் திறந்து, அந்த அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இணைப்போடு நெருங்கிய உறவுள்ள இன்னொரு பலவீனம் குழலின் பின்வாய். கே சட்டக ரிவால்வர்களில் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காக அமைந்த அளவுகளுக்குள்ளேயே 1955இல் .357 மேக்னம் நுழைக்கப்பட்டது. பிற்பாடு மாதிரி 19 என்று பெயர் பெற்றது அந்தத் துப்பாக்கி. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு என்றால் .357 மேக்னத்துக்கு 35,000. சட்டகம் சிறியதாகையால், சிலிண்டரைத் தாங்கும் கை மடங்குவதற்கு இடம் விட, குழலின் பின்முனையில் ஆறு மணித் திசையில் ஒரு தட்டையான வெட்டு கொடுத்திருந்தார்கள். குழல் சுவர் அங்கேதான் மிக மெல்லியது. 158 கிரெயின் எடையுள்ள குண்டுகளோடு பல்லாண்டு ஒழுங்காக உழைத்த இந்த ரிவால்வர்கள், 125 கிரெயின் இலகு குண்டுகளை முழு மேக்னம் வேகத்தில் தொடர்ந்து சுடத் தொடங்கிய பின் சரியாக அந்த வெட்டில் விரிசல் விட்டன. ஊசி இருந்தவையும் விரிந்தன. ஊசி இல்லாதவையும் விரிந்தன. நிறுவனம் தந்த விடை, 1980களின் தொடக்கத்தில் வந்த சற்றே பெரிய எல் சட்டகம். அதில் குழல் மரையின் விட்டம் 0.540 அங்குலத்திலிருந்து 0.5625 ஆகக் கூடியது. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்த அதிகரிப்போடு, தட்டை வெட்டும் தேவையற்றுப் போனது.

இதே சமயத்தில் மாசசூசெட்ஸின் மான்ஸன் ஊரில் முற்றிலும் வேறான ஒரு சிந்தனை நடந்துகொண்டிருந்தது. ஸ்மித் அண்ட் வெஸனை நிறுவியவர்களில் ஒருவருடைய கொள்ளுப்பேரன் டேனியல் வெஸன் 1968இல் தனியாகத் தொடங்கிய நிறுவனத்துக்காக, கார்ல் லூயிஸ் என்ற வடிவமைப்பாளர் குழலை இரண்டாகப் பிரித்தார். உள்ளே மெல்லிய எஃகுக் குழாய்; வெளியே முன்குறி தாங்கிய உறை. குழாயைச் சட்டகத்தில் கையால் திருக வேண்டும். சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே 0.006 அங்குலத் தகட்டு அளவுகோலை வைத்து, தகடு மெல்லப் பிடிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு உறையை மேலே மாட்டி, நுனியில் ஒரு நட்டை இறுக்க வேண்டும். முன்குறி உறையில் இருப்பதாலும் உறை சட்டகத்தின் முளையில் பொருந்துவதாலும், குழாய் எந்தக் கோணத்தில் நின்றாலும் குறி நேராகவே இருக்கும். தோள் கிடையாது, நசுக்கல் கிடையாது, இடைவெளி உரிமையாளரின் கையில். இரு முனைகளிலும் பிடித்து இழுக்கப்பட்ட குழாய் வீணையின் தந்தி போல விறைத்து நிற்பதால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரே விதமாக அதிர்ந்தது. உலோக உருவ இலக்குகளைத் தொலைவில் சுட்டு வீழ்த்தும் போட்டிகளில் அந்த ரிவால்வர்கள் பெற்ற மதிப்புக்கு இது முக்கியக் காரணம். மேல்மெருகில் அவை கோல்ட்டுக்கு நிகரல்ல, நிறுவனமும் பலமுறை தள்ளாடியது. ஆனால் இந்தக் கட்டுரை தொடக்கத்தில் சொன்ன மூன்று காரியங்களையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் பிரித்துத் தீர்த்த பழைய வடிவம் இது ஒன்றுதான். இக்காலத்தில் பெரிய நிறுவனங்களும் இரண்டு துண்டுக் குழலுக்கு வந்திருப்பது தற்செயல் அல்ல.

மறுகோடியில் இருப்பவை, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த மலிவு ரிவால்வர்கள். அவற்றில் குழல் என்பது வார்ப்புக்குள் செருகிய மெல்லிய எஃகுக் குழாய். மரையே இல்லாமல், அழுத்திச் செருகி ஒரு ஊசியால் நிறுத்தியவை உண்டு. அங்கும் ஊசி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஊசியின் பெருமையைப் பேசுபவர்கள் இன்னொரு செய்தியையும் மறந்துவிடுகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 1965இல் பாங்கர் புன்ட்டா என்ற பெருநிறுவனத்தின் கைக்கு மாறியது. 1984 வரை அங்கேயே இருந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் குழல்கள் ஊசியோடுதான் வந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் வந்த துப்பாக்கிகளின் தரம் ஏற்றத்தாழ்வு மிக்கது என்பதை அந்த நிறுவனத்தின் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்: கோணலாக வெட்டிய வாய்க்கூம்பு, அளவு மீறிய இடைவெளி, ஆடும் சிலிண்டர். ஊசி அவற்றைத் தடுக்கவில்லை. மேக்னம் மாதிரிகளில் தோட்டாவின் விளிம்பு அமிழும்படி சிலிண்டரின் பின்முகத்தைக் குடையும் வேலையையும் அதே 1982இல்தான் நிறுத்தினார்கள். பழைய தோட்டா உறைகளின் பலவீனத்துக்காக வந்த அந்தக் குடைவு, தோட்டா உறைகள் வலுப்பெற்ற பின் பெரும்பாலும் அலங்காரமாகிவிட்டது. இரண்டும் ஒன்றாக மறைந்ததால் சந்தை இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி விலை பேசுகிறது. சிலிண்டர் குடைவுக்கும் குழல் இணைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகையால் பழைய ரிவால்வர் ஒன்றை எடைபோடுபவர், ஊசியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாமல், இணைப்பு தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்க வேண்டும். முன்குறியைப் பாலத்தின் விளிம்போடு ஒப்பிட்டு நேர்த்தியைப் பார்க்கலாம். தகட்டு அளவுகோலை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக இடைவெளியில் செருகிப் பார்க்கலாம். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளி அளந்தால், அகன்ற இடைவெளி குழலால் வந்ததா, சிலிண்டரின் தேய்மானத்தால் வந்ததா என்பதும் பிரிந்துவிடும். வாய்க்கூம்பின் ஆறு மணிப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஊசி உள்ள துப்பாக்கியில் அதன் இரு முனைகளையும் உற்றுப் பார்ப்பது பயனுள்ளது: தொழிற்சாலையில் செலுத்திய ஊசி சட்டகத்தின் மேற்பரப்போடு சமமாக, ஒரே நீல நிறத்தில் இருக்கும். விளிம்பில் அடித்த தழும்போ, ஊசி மட்டும் வெளிறிய நிறமோ தெரிந்தால் யாரோ அதைத் தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் குழலின் அடியில், தள்ளுதண்டு மறைக்கும் தட்டையான பகுதியில், துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பொறித்திருப்பார்கள். சிலிண்டரைத் திறந்து, தண்டை ஒதுக்கி, அந்த எண்ணைக் கைப்பிடியின் அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால், இந்தக் குழல் இந்தச் சட்டகத்துக்கென்று ஒருவர் மேசையில் வைத்துப் பொருத்தியதா, பின்னாளில் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.